மீதி மீனைக் கொட்டிடாதீங்க!

கேள்வி: அக்கா, தூத்துக்குடி பக்கம் கேட்டரிங் பண்றேன். நேத்து ஒரு ரிசப்ஷன்ல சூரை மீன் வறுவல் போட்டோம், பந்தி முடிஞ்சு அரை மணி நேரத்துக்குள்ள ஏழெட்டு பேருக்கு மூஞ்சி செவந்து, உடம்பெல்லாம் அரிப்பு, தலைவலி, சிலருக்கு வாந்தி. நல்லா பொரிச்சுத்தான் போட்டோம், நாத்தமும் இல்ல. மாஸ்டர் மீதியக் கொட்டிடலாம்னாரு, நான் ஒரு டப்பால போட்டு ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன். ஆபீசர்கிட்ட சொன்னா லைசென்ஸ் போயிடுமோன்னு பயமா இருக்கு.

பதில்: தம்பி, அந்த டப்பாவ யார் சொன்னாலும் கொட்டாதீங்க, என்ன நடந்துச்சுன்னு சொல்ல இப்போ உங்ககிட்ட இருக்கற சாட்சி அதுதான். நீங்க சொல்றத பாத்தா ஹிஸ்டமின் மாதிரி இருக்கு, அதாவது மீன்ல உண்டாகி அலர்ஜி மாதிரியே அரிப்பு, செவப்பு கொண்டு வர்ற ஒரு பொருள். சூரை, அயிலை, மத்தி மாதிரி மீன புடிச்சதுலேர்ந்து சரியா ஐஸ்ல வைக்கலன்னா பாக்டீரியா அதுல ஹிஸ்டமின உண்டாக்கிடும், உண்டான பிறகு எவ்ளோ பொரிச்சாலும் போகாது, ஃப்ரீசர்ல வெச்சாலும் போகாது, பல நேரம் நாத்தமும் வராது. அதனாலதான் உங்க மாஸ்டர் கைமேல தப்பே இல்லாம கூட இது நடந்திருக்கலாம், டப்பால இருக்கறத லேப்ல பாத்தா தெரிஞ்சிடும்.

இன்னைக்கே மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலர் ஆபீஸுக்கு நீங்களே போன் போட்டு சொல்லிடுங்க. 2006 உணவு பாதுகாப்பு சட்டத்துல 32வது பிரிவுப்படி முதல்ல எத சரி பண்ணணும்னு நோட்டீஸ் தர்றதுதான் முறை, மக்களுக்கு ஆபத்துன்னு பட்டா லைசென்ஸ உடனே நிறுத்தி வைக்கவும் அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, அத உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ஆனா மறைச்சு, நாளைக்கு யாருக்காவது பெருசா ஏதாவது ஆச்சுன்னா? அதே சட்டம் 65வது பிரிவுல உயிர் போனா குறைஞ்சது 5 லட்சம், பலத்த பாதிப்புன்னா 3 லட்சம் வரைக்கும் நஷ்டஈடுன்னு சொல்லுது. பணத்த விடுங்க, உங்கள நம்பி பந்தில உக்காந்தவங்க அவங்க.

அடுத்து பொண்ணு வீட்டுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு ரெண்டு பக்கமும் நீங்களே பேசுங்க, மேனேஜர விட்டு பேச வைக்காதீங்க. யார் யார் என்ன சாப்ட்டாங்க, எத்தனை மணிக்கு சாப்ட்டாங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுச்சுன்னு எழுதி வாங்குங்க, அந்த நேரம் ரொம்ப முக்கியம். ஹிஸ்டமின்னா பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிடும், மறுநாள் வயித்துவலி பேதின்னு வந்தா பச்சை மீன், எறால இருக்கற விப்ரியோ கிருமியா இருக்கலாம். அது லேசுப்பட்டது இல்ல, 1950ல ஜப்பான் ஒசாகால கருவாட்டு மூலமா 272 பேருக்கு வந்து 20 பேர் செத்துப் போனாங்க, 1996ல கொல்கத்தால தலைகாட்டின வகை பல நாட்டுக்கும் பரவுச்சு. அந்தக் கிருமி நல்லா வேக வெச்சா செத்துடும், ஆனா பச்சை எறா உரிச்ச அதே பலகைல வெங்காய பச்சடிக்கு நறுக்கினா வெந்தது என்ன பிரயோஜனம்.

அதே லாட் மீன் மிச்சம் இருந்தா தனியா கட்டி "உபயோகிக்காதே"ன்னு எழுதி வைங்க, எந்த வியாபாரி, எத்தனை மணிக்கு ஏலம், வண்டில ஐஸ் இருந்துச்சான்னு ஆபீசர் கேப்பாங்க. இனிமே மீன் வரும்போது ஃபைபர் பெட்டிக்குள்ள கைய விட்டு அடில இருக்கறத எடுங்க, மேல மட்டும் ஐஸ தூவி அடி மீன் வெதுவெதுன்னு இருக்கும். நடுமுள்ளுகிட்ட தடிச்ச எடத்துல தெர்மாமீட்டர் குத்தி 5 டிகிரிக்கு மேல காட்டுச்சுன்னா எவ்ளோ வேண்டப்பட்ட வியாபாரியா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுங்க. மீனும் ஐஸும் எடைக்கு எடை இருக்கணும்.

கேள்வி: சூரை சாப்ட்டு இதே மாதிரி அரிப்பு வந்துச்சு, மீன் அலர்ஜி, இனிமே தொடக்கூடாதுங்கறாங்க வீட்ல. உண்மையா?

பதில்: கூட சாப்ட்ட நாலு பேருக்கும் வந்துச்சான்னு கேளுங்க. எல்லாருக்கும் வந்திருந்தா அந்த மீனோட கோளாறா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, டெஸ்ட் பண்ணி அவர் முடிவு சொல்ற வரைக்கும் மீன் வேண்டாம். மூச்சு திணறுச்சுன்னா மட்டும் எதையும் யோசிக்காம 108க்கு அடிங்க.