மூட்டு மாற்று அறுவை: சர்ஜனிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது?

கேள்வி: எனக்கு 63 வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேச அடுத்த வாரம் சர்ஜனைப் பார்க்கிறேன். போன முறை, "வலிக்குது டாக்டர்" என்பதற்கு மேல் பேச்சே வரவில்லை. எப்படித் தயாராவது?

பதில்: எக்ஸ்ரேயை மட்டும் வைத்து சர்ஜன்களான நாங்கள் முடிவெடுப்பதில்லை. படத்தில் எலும்போடு எலும்பு உரசியும் நன்றாக நடப்பவர்கள் உண்டு. கொஞ்சம் தேய்ந்ததற்கே தூக்கம் தொலைத்தவர்களும் உண்டு. வலி உங்களை எதைச் செய்யவிடவில்லை என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

இன்றிலிருந்தே குறித்து வையுங்கள். எத்தனை நிமிடம் நடந்தால் நிற்கத் தோன்றுகிறது? படி ஏறும்போது வலி அதிகமா, இறங்கும்போதா? ராத்திரி வலியில் விழிப்பு வருகிறதா? "செவ்வாய்க்கிழமை நாற்காலியை விட்டு எழ இரண்டு கையையும் ஊன்றினேன்" என்ற ஒரு வரி, "ரொம்ப வலி" என்று பத்து முறை சொல்வதைவிட எங்களுக்கு உதவும்.

சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் தேதி முக்கியம். போட்ட 3 மாதத்துக்குள் அறுவை செய்தால் கிருமித் தொற்று அபாயம் கூடும். சொத்தைப் பல், ஆறாத புண், புகைப்பழக்கம் எதையும் மறைக்க வேண்டாம். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட்டும் வேண்டும்.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. அறுவை இல்லாமல் முயல இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா? தேய்ந்த பகுதியை மட்டும் மாற்றினால் போதுமா? இரண்டு காலும் ஒரே நேரத்திலா, ஒன்றன்பின் ஒன்றா? புது மூட்டு எத்தனை வருடம் உழைக்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். முழங்காலை முழுதாக மாற்றியவர்களில் 10க்கு 8 பேருக்கு 25 வருடம் வரை தாங்குகிறது. ஆனால் மூட்டு நன்றாக இருந்தும் 10 பேரில் ஒருவர் இருவருக்கு மனநிறைவு வருவதில்லை. பலருக்கு அதன் பிறகும் மண்டியிடுவது சிரமம்தான். அதனால், "நான் திரும்பச் செய்ய நினைப்பது இது, முடியுமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

அறுவைக்குப் பின் வீட்டில் உங்களோடு இருக்கப்போகிறவரையும் கூட்டிப்போங்கள். முதல் ஆறு வாரம் பயிற்சிகளை விடாமல் செய்யவைக்கப்போவது அவர்தான். அவருக்கும் கேள்விகள் இருக்கும்.