அமெரிக்கக் கால்பந்தில் எதிராளியின் காலில் பாய்ந்து தடுப்பது எப்போது சரி, எப்போது தவறு?

ஒரு வீரர் எதிராளியின் காலடியில் பாய்ந்து விழுகிறார், நடுவர் கண்டுகொள்வதில்லை. அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் அதையே செய்தால் தவறு என்று காட்டும் மஞ்சள் கொடி பறக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் என் மகன் உயர்நிலைப் பள்ளி அணிக்கு முன்வரிசையில் கார்டாக, அதாவது நடுவில் நிற்கும் சென்டருக்குப் பக்கத்தில், ஆடினான். முதல் ஆண்டு முழுவதும் நானும் இதே குழப்பத்தோடுதான் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை முதலில் பிரித்துவிட வேண்டும். பந்தோடு ஓடுபவரின் காலைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவது டேக்கிள். அதற்கு வேறு விதிகள். பந்து கையில் இல்லாதவரை வழிமறிப்பதுதான் பிளாக். அதில் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. 90 கிலோ பையன் 120 கிலோ ஆளை நெஞ்சோடு நெஞ்சாக எத்தனை முறைதான் தள்ள முடியும்? அவனுக்கு இருக்கும் ஒரே வழி, குனிந்து அந்த ஆளின் தொடைக்கு முன்னால் தோளைக் கொண்டுபோவது. இதுதான் கட் பிளாக். இதை எதிர்கொள்ளவும் பயிற்சி தருகிறார்கள். எதிராளி இரண்டு கைகளையும் கீழே இறக்கி, வருபவரின் தோளைத் தரையோடு அழுத்தி, தன் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். நன்றாகச் செய்தால் பாய்ந்தவர்தான் புல்லைத் தின்பார்.

என் கணக்கில் விஷயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. எதிராளி பார்க்கிறாரா, அவர் கைகள் சும்மா இருக்கின்றனவா? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டால் விதிப்புத்தகத்தின் பாதி தானாகப் புரியும். பின்னாலிருந்து காலில் விழுந்தால் கிளிப்பிங்: நடுவர் தன் கெண்டைக்காலின் பின்புறத்தைத் தட்டிக் காட்டுவார், தண்டனையாக 15 கெஜம் போகும். ஓரத்தில் நின்றவர் உள்நோக்கி ஓடிவந்து பக்கவாட்டில் தாக்குவது கிராக்பேக். ஆட்டம் ஒரு திசையில் போகும்போது தன் அணியின் கடைசி எல்லைக் கோடு இருக்கும் திசையில் திரும்பி வந்து தாக்குவது பீல்பேக். இரண்டையும் தாழ்வாகச் செய்யக் கூடாது. ஒருவர் மேலே மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் அதே ஆளின் காலில் விழுவது சாப் பிளாக். எனக்கு இதுதான் ஆகக் கொடுமையானதாகத் தெரிகிறது. மேலே முட்டுக்கொடுத்து நிற்பவரின் பாதம் தரையில் ஊன்றியிருக்கும். முழங்காலுக்கு வளைந்துபோக வழியே இருக்காது.

ஆனாலும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்., பந்தைக் கையில் கொண்டு ஓடும் ஆட்டங்களில் சாப் பிளாக்கின் சில வகைகளை 2016 வரை விட்டுவைத்திருந்தது. அந்த ஆண்டுதான் முழுத் தடை வந்தது. விதிகள் பெரும்பாலும் ஒரு முழங்கால் போன பிறகே மாறுகின்றன. 2012 அக்டோபரில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியின் பிரையன் குஷிங், நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் தாழ்வான ஒரு பிளாக்கில் முழங்கால் தசைநார் கிழிந்து, அந்தப் பருவத்தையே இழந்தார். கொடி விழவில்லை. தாக்கிய வீரருக்குப் பின்னர் 10,000 டாலர் அபராதம் விதித்தார்கள். முன்வரிசையின் நடுப்பகுதிக்குள் பீல்பேக் அதுவரை அனுமதிக்கப்பட்டிருந்தது. 2013இல் அங்கும் தடை வந்துவிட்டது.

அப்படியானால் மொத்தமாகத் தடைசெய்துவிடலாமே என்பீர்கள். டென்வர் பிராங்கோஸ் ரசிகரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அலெக்ஸ் கிப்ஸ் பயிற்சி கொடுத்த அந்த முன்வரிசை, ஓட்டம் போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் துரத்தி வருபவர்களை வரிசையாகக் கட் செய்து படுக்கவைக்கும்; அந்த இடைவெளியில் ஓடுபவர் சட்டென்று திரும்பிப் புகுந்துவிடுவார். புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட, பந்தோடு ஓடுபவரான டெரல் டேவிஸ் 1998இல் 2,008 கெஜம் ஓடியதில் அந்த முன்வரிசைக்குப் பெரிய பங்குண்டு. எதிரணியினர் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். எனக்கோ பார்க்க அழகாகவே இருந்தது. மகன் ஆடத் தொடங்கும் வரை.

இப்போது எல்லா மட்டத்திலும் வேலி சுருங்கிவருகிறது. என்.எஃப்.எல். 2021இலும் கல்லூரிகள் 2022இலும் தாழ்வான பிளாக்கை நடுப்பகுதிக்குள் அடக்கிவிட்டன. உயர்நிலைப் பள்ளிகளில் இன்னும் நெருக்கம்: பந்திலிருந்து பக்கவாட்டில் இருபுறமும் 4 கெஜம், முன்வரிசைக் கோட்டுக்கு முன்னும் பின்னும் 3 கெஜம். அந்தக் கட்டத்துக்குள், தொடக்கத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் மட்டுமே தாழ்வாகத் தடுக்கலாம். அதுவும் பந்து கிளம்பிய கணத்திலேயே.

என் மகனின் கடைசி ஆண்டில் ஒரு ஆட்டம். எங்கள் பையன் ஒருவன் 40 கெஜத்துக்கு மேல் ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டான். திரும்பிப் பார்த்தால் புல்லில் மஞ்சள் துணி கிடக்கிறது. சாப் பிளாக், என் மகனின் எண். டச் டவுன் ரத்து. நான் எழுந்து நின்று நடுவரைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். மகன் முன்னால் இருந்துதான் பாய்ந்தான், கட்டத்துக்குள்தான் பாய்ந்தான், பிறகென்ன தவறு என்று காரில் வரும் வழியெல்லாம் வாதாடினேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

இரவு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். என் மகன் தடுத்த எதிரணிப் பையனின் இரண்டு கைகளும் எங்கள் சென்டரின் தோளில் இருந்தன. என் மகன் வருவதை அவன் பார்க்கவே இல்லை.