பிறநாட்டு மொழி வகுப்பு, ஆசிரியர் சங்கம், மாணவர் போட்டி: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓசூரில் பிரெஞ்சு கற்பித்தவன் என்ற முறையில் என் பதில்கள்.

ஓசூர் ஆசிரியை: சார், எங்கள் பள்ளியில் பிரெஞ்சுக்கு நான் ஒருத்திதான். சங்கம் தொடங்க எத்தனை பேர் வேண்டும்?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி 7 பேர் போதும். ஆனால் பதிவுக்கு அவசரப்படாதீர்கள் அம்மா. லெட்டர்பேடு வரும் முன்பே தலைவர் யார் என்ற சண்டை வந்துவிடும். முதலில் ஓசூர், பர்கூர், கிருஷ்ணகிரி ஆசிரியர்கள் நாலைந்து பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, வினாத்தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஜெர்மன், ஜப்பானிய ஆசிரியர்களையும் விடாதீர்கள். அமெரிக்காவில் ஸ்பானிஷ் ஆசிரியர்கள் 1917-லும் பிரெஞ்சு ஆசிரியர்கள் 1927-லும் தனித்தனியே சங்கம் கண்டார்கள். எல்லா மொழிக்கும் பொதுவான அமைப்பு 1967-இல்தான் வந்தது. நம் பக்கம் ஆள் குறைவு, பொதுவாகவே தொடங்கிவிடலாம்.

கிருஷ்ணகிரி ஆசிரியர்: பேச்சுப்போட்டி வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். என்ன செய்வது?

தலைப்பை முன்கூட்டியே கொடுத்தால் ஒப்பிக்கத்தான் செய்வார்கள். பாதி நேரம் அது அப்பா எழுதிக்கொடுத்த உரை! உழவர் சந்தைப் படம் ஒன்றை அங்கேயே கையில் கொடுங்கள். இரண்டு நிமிடம் யோசிக்கட்டும், பிறகு பார்த்ததைச் சொல்லட்டும். அடுத்து நடுவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பாதி மதிப்பெண்ணை அதற்கே ஒதுக்குங்கள். இலக்கணப் பிழைக்கு மார்க் வெட்டுவதைவிட, புரிகிறதா என்று பாருங்கள். நடுவர் வேறு பள்ளிக்காரராக இருக்கட்டும்.

இன்னொன்று, பிரிவு. அமெரிக்க ஸ்பானிஷ் ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியத் தேர்வில், வகுப்பில் மட்டும் படித்தவர்களையும் வீட்டிலோ வெளியிலோ அந்த மொழி பழகியவர்களையும் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். பெங்களூருக்குப் போய்த் தனியாகப் பயிற்சி எடுக்கும் பிள்ளையையும் பள்ளிப் பாடம் மட்டுமே படிக்கும் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், இரண்டாவது பிள்ளை அடுத்த வருடம் வராது.

பாலக்கோடு பெற்றோர்: மகன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். அங்கே பிரெஞ்செல்லாம் கிடையாது. அவனுக்கு ஏதாவது போட்டி உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சர்வதேச மொழியியல் ஒலிம்பியாட் 2003 முதல் நடக்கிறது. 2016-இல் நம் பக்கத்து மைசூரிலேயே நடந்தது. இந்திய அணிக்குப் பாணினி மொழியியல் ஒலிம்பியாட் வழியாகத் தேர்வு செய்கிறார்கள். எந்த அந்நிய மொழியும் தெரிந்திருக்க வேண்டாம். கேள்விப்பட்டே இராத மொழியில் சில வாக்கியங்களையும் அவற்றின் பொருளையும் கொடுத்து, விதியைக் கண்டுபிடி என்பார்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடைவீதியில் கன்னடம் என்று வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். அதே பாணியில் தெலுங்கையும் கன்னடத்தையும் வைத்து ஆசிரியர்களே புதிர் செய்யலாம்.

தருமபுரி மாணவி: ஜப்பானிய மொழிக்கு எந்தத் தேர்வு எழுதலாம், சார்?

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. எளிதான என்5-இல் தொடங்கி கடினமான என்1 வரை ஐந்து நிலைகள். அதில் பேச்சுத் தேர்வு கிடையாது, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். அதனால் பேசிப் பழகத் தனியாக ஆள் தேடிக்கொள்ளுங்கள்.

ஓசூர் பெற்றோர்: பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுப்பது தவறா?

தவறில்லை. மார்க் வாங்கியபின் ஒரு வாக்கியம்கூடப் பேச வரவில்லை என்றால் நட்டம் உங்களுக்குத்தான்.

பர்கூர் ஆசிரியர்: பரிசுக்குப் பணம்?

கோப்பை வேண்டாம். ஆளுக்கொரு அகராதி கொடுங்கள், பழைய புத்தகக் கடையிலேயே கிடைக்கும். சான்றிதழில் மட்டும் பெயரைப் பிழையில்லாமல் அச்சடியுங்கள்.