கேளுங்க சொல்றோம்: திரும்பி வராத ஒரு மிஸ்டியர்

கேள்வி: 1965 போர்ல காணாமப் போன நம்ம விமானிக்கு என்ன ஆச்சுன்னு பாகிஸ்தான்காரங்க சொல்லித்தான் நமக்கே தெரிஞ்சதுன்னு எங்க மாமா சொல்றார். நெசமா, கதையா? (ஈரோடு வாசகி)

பதில்: மாமா சொன்னது நெசம்தாங்க. அவர் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா, குடகுக்காரர், அப்ப வயசு 32. செப்டம்பர் 7 விடியக்காலைல பஞ்சாப்ல இருக்கற ஆதம்பூர்ல இருந்து நம்ம மிஸ்டியர் போர் விமானங்க பாகிஸ்தானோட சர்கோதா விமானத் தளத்தை அடிக்கக் கிளம்புது. போக வேண்டிய 12 பேர்ல தேவய்யா கிடையாது, அவர் ஸ்டாண்ட்பை. ஒரு விமானம் விலகினதும் அந்த இடத்துக்கு இவர் போறார். போய் வர்ற தூரத்துக்கே எரிபொருள் அளவாத்தான் இருக்கும், சண்டை கிண்டை போட்டா வீடு வந்து சேர முடியாது.

குண்டு போட்டுட்டுத் திரும்பறப்ப பாகிஸ்தானோட ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒண்ணு பின்னாடி வந்திருக்கு, ஓட்டினவர் அம்ஜத் ஹுசைன். மத்தவங்க எல்லாரும் தரையோட தரையா பறந்து வீடு திரும்பிட்டாங்க, நடந்ததை யாரும் பாக்கல, தேவய்யா மட்டும் வரல, ஃபைல்ல "காணவில்லை"ன்னு எழுதியாச்சு. அவ்வளவுதான், 14 வருஷம் கதை அங்கயே நின்னுபோச்சு.

1979ல ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் பாகிஸ்தான் தரப்பு விவரங்களை வெச்சு அந்தப் போரைப் பத்தி புத்தகம் போடறார். அதுல, அடிபட்ட ஒரு மிஸ்டியர் ஓடாம திரும்பி வந்து ஸ்டார்ஃபைட்டரோட சண்டை போட்டு அதைச் சுட்டு வீழ்த்திடுச்சு, அம்ஜத் பாராசூட்ல குதிச்சு தப்பிச்சார்னு இருக்கு. மிஸ்டியரை ஓட்டினது யாருன்னு இல்ல. ஆனா கணக்கு ரொம்ப சிம்பிள். அன்னிக்கு விடிகாலை ரெய்டுக்குப் போன மிஸ்டியர்ல திரும்பி வராதது ஒண்ணே ஒண்ணு. டிஎன்ஏ டெஸ்ட் எல்லாம் இல்லாம, வராதவர் யாருன்னு பாத்தே ஆளைச் சொல்லிட்டாங்க. அவர் உடலை அந்த ஊர் ஜனங்களே வயல்ல அடக்கம் பண்ணிட்டாங்கன்னும் அப்புறமாத்தான் தெரிஞ்சது.

கேள்வி: ஸ்டார்ஃபைட்டர் ஒலியோட ரெண்டு மடங்கு வேகமாச்சே, பழைய மிஸ்டியர் அதை எப்படி அடிக்கும்? கொஞ்சம் ஓவரா இல்ல? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஸ்டார்ஃபைட்டரோட இறக்கையைப் பாத்திருக்கீங்களா, குட்டையா, தகடு மாதிரி இருக்கும், முன் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையா இருக்கறதால நிறுத்தி வெச்சிருக்கறப்ப வேலை செய்யற ஆளுங்க கையை வெட்டிடாம இருக்க அதுமேல உறை போட்டு வெப்பாங்க. நேரா பறக்க அது பிரமாதம், ஆனா வளைஞ்சு திரும்ப அந்த இறக்கை பத்தாது. பைபாஸ்ல ரேஸ் பைக்கை யாரும் பிடிக்க முடியாதுங்க, ஆனா சந்துக்குள்ள வந்துட்டா டிவிஎஸ் 50காரன் ஈஸியா திரும்பி எதிர்ல நிப்பான். அம்ஜத் வேகத்தைக் குறைச்சு வளைஞ்சு வளைஞ்சு சண்டைக்கு வந்ததுதான் தேவய்யாவுக்கு வசதியாப் போச்சு, மிஸ்டியர்ல 30 மில்லிமீட்டர் பீரங்கி ரெண்டு வேற. சொன்னது நம்ம ஆளுங்களா இருந்தா நானும் ஓவர்னுதான் சொல்லுவேன், விமானத்தை இழந்த தரப்பே சொல்றப்ப நம்பித்தானே ஆகணும்.

கேள்வி: அவருக்கு மெடல் எதுவும் குடுத்தாங்களா? (அதே ஈரோடு வாசகி)

பதில்: அன்னிக்கு ரெய்டுக்குத் தலைமை தாங்கிப் போன தனேஜா விஷயம் தெரிஞ்சதும் சும்மா இருக்கல, அரசாங்கத்துக்கிட்ட விடாம கேட்டிருக்கார். 1988ல மகாவீர் சக்ரா குடுத்தாங்க, 23 வருஷம் கழிச்சு, அவர் மனைவி கையில. அடுத்த லீவுக்கு குடகு போனா மடிக்கேரி டவுன்லயே தேவய்யா பேர்ல சர்க்கிள் இருக்கு, மாமாவையும் கூட்டிட்டுப் போங்க.