ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றலாமா?

கேள்வி: என் 9 வயது மகனுக்கு நான் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தி எட்டு மாதம் ஆகிறது. கிரியேட்டினின் கூடாமல் 0.7-லேயே நிற்கிறது. ஆனால் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊர் டாக்டர், "ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திடலாம்" என்கிறார். நாத்தனார் லேகியம் வாங்கி வந்திருக்கிறார். என் சிறுநீரகம் அவனுக்குச் சேரவில்லையோ?
– ஒரு தாய், திருவண்ணாமலை

பதில்: அம்மா, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுதான் கிரியேட்டினின். அது அப்படி நிற்கிறது என்றால் உங்கள் சிறுநீரகம் வேலை பார்க்கிறது. அந்தப் பயத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்ட்டின் ஹார்மோனைச் சுரப்பது சிறுநீரகம்தான். புதுச் சிறுநீரகம் வந்த இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் ஹீமோகுளோபின் ஏறிவிடும். இந்த வயதுக்கு 11.5-ஆவது வேண்டும். எட்டு மாதமாகியும் 9 என்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

டயாலிசிஸ் காலத்திலேயே இரும்புச்சத்து தீர்ந்திருக்கலாம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலும் கிருமி தொற்றாமலும் இருக்கக் கொடுக்கும் மைக்கோபினோலேட், கோட்ரைமாக்சசோல், வால்கன்சிக்ளோவிர் போன்ற மாத்திரைகள், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையை அமுக்கியிருக்கலாம். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் ஏறுவதற்குள் சிறுநீரகம் போய்விடும். பார்வோ பி19 என்றொரு வைரஸும் உண்டு. மற்ற பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்து, லேசான காய்ச்சலோடு போய்விடும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கோ சிவப்பணு உற்பத்தியையே நிறுத்திவிடும். ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணு) எண்ணிக்கை அடிமட்டத்தில் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு வைத்தியம் இருக்கிறது.

ரத்தம் ஏற்றும் விஷயத்தில் அவசரம் வேண்டாம். அடுத்தவர் ரத்தத்தில் வரும் அணுக்களை எதிர்த்து உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கும். அது இந்தச் சிறுநீரகத்தையும் தாக்கலாம். அவனுக்கு 9 வயதுதான். வளர்ந்த பிறகு இன்னொரு சிறுநீரகம் தேவைப்படலாம். அன்றைக்குப் பொருத்தம் பார்க்கும்போது இந்த ஆன்டிபாடிதான் குறுக்கே நிற்கும். உயிருக்கு ஆபத்து என்றால் ஏற்றித்தான் ஆகவேண்டும். அப்போதும் வெள்ளணு நீக்கிய ரத்தமாகக் கேளுங்கள்.

லேகியம் வேண்டவே வேண்டாம். சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் எந்த மூலிகை ஏற்றும், எது இறக்கும் என்று நாத்தனாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பம்பளிமாஸ் பழத்தையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

இந்த வாரமே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். இரும்புச்சத்தைக் காட்டும் பெரிட்டின், டிரான்ஸ்பெரின் சாச்சுரேஷன், வைட்டமின் பி12, ரெட்டிகுலோசைட், பார்வோ வைரஸைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் ஆகிய பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தால், மற்ற மாத்திரைகளோடு எத்தனை மணி நேரம் இடைவெளி விடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும். அது மாத்திரையின் நிறம்தான். மாத்திரை எடுக்காமலே கறுத்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.