பிளேட்லெட் 5.8 லட்சம்: முதலில் இரும்புச்சத்தைப் பாருங்கள்

வணக்கம் சகோ. மனைவிக்கு பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) 5.8 லட்சம் என்றதும் ரத்தப் புற்றுநோயோ என்று பயந்திருக்கிறீர்கள். நீங்கள் போட்ட ரிப்போர்ட்டிலேயே ஹீமோகுளோபின் 8.9, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 68 என்று இருக்கிறதே! சிவப்பணுக்கள் சிறுத்துக் கிடக்கின்றன. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறது என்றும் சொல்கிறீர்கள். இரும்புச்சத்து குறைந்தாலே பிளேட்லெட் வழக்கமான மேல் வரம்பான 4.5 லட்சத்தைத் தாண்டுவது சகஜம்.

டாக்டரிடம் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் சோதனை), சிஆர்பி (அழற்சியைக் காட்டும் சோதனை) இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி, இரும்பு போதுமென்று காட்டிவிடும். காய்ச்சல், காசநோய், முடக்குவாதம், சமீபத்திய ஆபரேஷன், மண்ணீரலை எடுத்திருப்பது, இவையும் பிளேட்லெட்டை ஏற்றும்.

டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால், அதைக் காபி, டீயோடு மட்டும் வேண்டாம். பாதி பலன் போய்விடும். என் தங்கைக்கு பிளேட்லெட் 6 லட்சம் இருந்தது, மூன்று மாதத்தில் இறங்கியது. இரும்பு சரியான பிறகும் எண்ணிக்கை இறங்காவிட்டால் ரத்தவியல் நிபுணரிடம் போங்கள்; எலும்பு மஜ்ஜையே பிளேட்லெட்டை அதிகம் உருவாக்கும் நோயா என்று பார்க்கும் ஜாக்2 மரபணுச் சோதனை அப்போதுதான். நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தப்போக்கு கூடும். கை கால் மரத்து ஒரு பக்கம் இழுத்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே 108.