எரிபொருளில் கந்தகமும் காந்த ஒத்திசைவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், மாதிரியின் மொத்தக் கந்தகம் எவ்வளவு என்பதைக் குறிப்பிடாமலேயே எழுதப்பட்டவை. புற ஊதா ஒளிர்வு முறையிலோ எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையிலோ அந்த ஓர் எண்ணைப் பெற்றுக்கொண்ட பிறகே என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) பக்கம் வர வேண்டும் என்று முன்பே எழுதியிருக்கிறேன், மீண்டும் எழுதுகிறேன்.

கேள்வி: பெட்ரோல் பங்கில் வாங்கிய டீசலை எங்கள் துறையின் 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் இரவு முழுவதும் வைத்துக் என்எம்ஆரில் தெரியும் ஐசோடோப்பான கந்தகம்-33இன் நிறமாலை எடுத்தேன். இரைச்சலைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே தவறு?

பதில்: கணக்குப் போட்டுப் பார்க்காமல் கருவியின் முன் உட்கார்ந்ததுதான் தவறு. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசுத் தரநிலை) டீசலில் கந்தகத்தின் உச்ச வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது லிட்டருக்குச் சுமார் கால் மில்லிமோல். இயற்கையில் கிடைக்கும் கந்தகத்தில் கந்தகம்-33 முக்கால் சதவீதமே என்பதால், உங்கள் குழாயில் இருந்த பயனுள்ள அணுக்கருக்கள் லிட்டருக்கு 2 மைக்ரோமோல் அளவுதான். போதாக்குறைக்கு, சுழற்சி எண் 3/2 கொண்ட இந்த அணுக்கருவின் நான்முனைத் திருப்பம் (மின்னூட்டம் உருண்டையாகப் பரவியிராத தன்மை) காரணமாக, தயோஃபீன் வகைச் சேர்மங்களில் (கந்தகம் உள்ள வளையங்களில்) அதன் சிக்னல் ஆயிரம் ஹெர்ட்ஸ், சில சமயம் அதற்குப் பல மடங்கு அகலத்துக்குப் பரந்து அடிக்கோட்டோடு கரைந்துவிடும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். உங்கள் கருவியில் கந்தகம்-33 ஒத்திசையும் இடம் சுமார் 30.7 மெகாஹெர்ட்ஸ். மாதிரியின் சிக்னலை வாங்கும் பகுதியான புரோப்களில் பல அகலப்பட்டை வகைகள் நைட்ரஜன்-15 இருக்கும் 40.5 மெகாஹெர்ட்ஸுடன் நின்றுவிடும். அதற்குக் கீழே அவற்றை இசைக்கவே முடியாது. அடர்த்தியான அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை முதலில் வைத்துப் பாருங்கள். அதன் கூர்மையான கோடு சில நிமிடங்களில் தெரியாவிட்டால், டீசலைத் தொடவே வேண்டாம். அடிக்கோடு அலையலையாக வந்தால் அது புரோப்பின் ஒலி அதிர்வு. அதைக் கந்தகம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: மெர்காப்டனை (கந்தகத்தோடு ஹைட்ரஜன் இணைந்த சேர்மத்தை) புரோட்டான் என்எம்ஆரில் நேரடியாகக் காணலாமா?

பதில்: கந்தகத்தோடு இணைந்த ஹைட்ரஜனின் சிக்னல் பெரும்பாலும் நிறமாலையின் வேதிப் பெயர்ச்சி அளவுகோலில் 1.2 முதல் 1.6 வரையிலான பகுதியில், அதாவது டீசலின் கார்பன் சங்கிலிகள் மலைபோல் எழும்பி நிற்கும் இடத்திலேயே விழும். வெள்ளி நைட்ரேட் கொண்டு மின்னழுத்தத் தரம்பார்த்தலைச் செய்யுங்கள்.

கேள்வி: கந்தகச் சேர்மங்களை சல்ஃபோனாக ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு அளந்தால் கோடு கூர்மையாகும் என்கிறார்களே?

பதில்: சரியான யோசனை. சல்ஃபோனில் கந்தகத்தைச் சுற்றிய மின்புலம் ஓரளவு சமச்சீராக இருப்பதால், கோட்டின் அகலம் பல மடங்கு குறைகிறது. ஆனால் ஆக்சிஜனேற்றம் பாதியில் நின்று சல்ஃபாக்சைடு தங்கிவிட்டால், அதன் கோடு முன்போலவே பரந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். அந்த அளவுக்குக் கந்தகம் குறைவாகக் கணக்கில் வரும். எனவே, வினைக்கு முன்னும் பின்னும் மொத்தக் கந்தகத்தை அளந்து, நிறமாலையில் தெரியும் பங்கு எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். 2, 3 சதவீதக் கந்தகம் உள்ள கனமான கச்சா எண்ணெய்க்கும் செறிவூட்டிய சாற்றுக்கும் இது பொருந்தும். பி.எஸ்.-6 டீசலுக்கு இதுவும் உதவாது.

கேள்வி: டியூட்டீரியம் ஏற்றிய டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரைப்பானில் டீசலைக் கலந்தபோது இரண்டு அடுக்காகப் பிரிந்துவிட்டது. கந்தக அளவீட்டைப் பாதிக்குமா?

பதில்: டிஎம்எஸ்ஓவின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கந்தகம். கந்தகத்தைத் தேடப் போனவர் கந்தகத்தையே கரைப்பானாக ஊற்றியிருக்கிறார்! டியூட்டீரியம் ஏற்றிய குளோரோஃபார்மைப் பயன்படுத்துங்கள். மாதிரிக் குப்பிக்கு ரப்பர் மூடி போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். வல்கனைஸ் செய்த ரப்பரிலும் கந்தகம் உண்டு.

கேள்வி: மேசைமேல் வைக்கும் 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் பல கச்சா எண்ணெய்களின் புரோட்டான் நிறமாலைகளை எடுத்து, பகுதி மீச்சிறு வர்க்கம் என்ற புள்ளியியல் முறையில் கந்தகத்தைக் கணிக்கும் சமன்பாடு உருவாக்கியுள்ளோம். ஒட்டுறவு ஏறத்தாழ ஒன்று. இதை டீசலுக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டே இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

புரோட்டான் நிறமாலை கந்தகத்தைப் பார்ப்பதில்லை, ஹைட்ரஜனைப் பார்க்கிறது. சுத்திகரிக்காத கச்சா எண்ணெயில் அரோமாட்டிக் (பென்சீன் போன்ற வளையங்களின்) பங்கு கூடும்போது பெரும்பாலும் கந்தகமும் கூடும் என்பதால், உங்கள் சமன்பாடு 6.5 முதல் 9 வரையிலான அரோமாட்டிக் பகுதியைப் படித்துவிட்டு அதற்குக் கந்தகம் என்று பெயர் சூட்டிவிடுகிறது. சுத்திகரிப்பு ஆலையிலோ இந்த உறவே அறுந்துபோகிறது. கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜன் ஏற்றும்போது கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறி, ஆயிரக்கணக்கான பிபிஎம்மிலிருந்து (கிலோவுக்கு மில்லிகிராம்) பத்துக்குக் கீழே இறங்கிவிடும். அரோமாட்டிக் வளையங்களில் பெரும்பகுதியோ அப்படியே எஞ்சும். அப்படிப்பட்ட டீசலைக் கொடுத்தால் உங்கள் சமன்பாடு அதில் இல்லாத கந்தகத்தைத் தாராளமாகக் கணித்துத் தரும்.

சோதிப்பது கடினமன்று. ஒரே டீசலை மூன்று குப்பிகளில் எடுத்து, முதலாவதை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதில் டைபென்சோதயோஃபீன் சேருங்கள். கிலோவுக்கு 58 மில்லிகிராம் சேர்த்தால் 10 பிபிஎம் கந்தகம் கூடும் என்ற கணக்கில் 50 பிபிஎம் வரை ஏற்றுங்கள். மூன்றாவதில் கந்தகமே இல்லாத மெத்தில்நாஃப்தலீனை ஒரு சதவீதம் சேருங்கள். இரண்டாவது குப்பிக்குக் கணிப்பு அசையாமல், மூன்றாவதுக்கு மட்டும் ஏறினால், நீங்கள் உருவாக்கியிருப்பது அரோமாட்டிக் மானி. அந்தப் பெயரில் அது நல்ல கருவியே, வெளியிடவும் செய்யலாம். ஒரே வயலின் எண்ணெய்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பயிற்றி மறுபாதியில் சோதித்துவிட்டு சரிபார்த்தாயிற்று என்று எழுதும் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை கேட்டுக்கொள்வது? சமன்பாடு ஒருபோதும் காணாத வேறோர் ஆலையின் மாதிரியைக் கொண்டுவந்து சோதியுங்கள்.

கேள்வி: ஈபிஆர் (எலக்ட்ரான் பாராகாந்த ஒத்திசைவு) முறையில் கந்தகத்தைக் கண்டறியலாமா? எங்கள் கச்சா எண்ணெய் மாதிரியில் வலுவான சிக்னல் கிடைத்தது.

பதில்: அது வெனடிலாகத்தான் (வெனேடியமும் ஆக்சிஜனும் இணைந்த அயனி) இருக்கும். இணையற்ற எலக்ட்ரான் இருந்தால்தான் ஈபிஆர் பார்க்கும். தயோஃபீனிலும் சல்ஃபைடிலும் அது இல்லை. கனமான கச்சா எண்ணெயில் போர்ஃபிரின் வளையத்துக்குள் அமர்ந்திருக்கும் வெனடிலின் எலக்ட்ரான், சுழற்சி எண் 7/2 உள்ள வெனேடியம் அணுக்கருவால் எட்டாகப் பிளவுபட்ட கோடுகளைத் தரும். நடுவே ஒற்றையாக நிற்கும் கோடு அஸ்ஃபால்ட்டீனின் கார்பன் ரேடிக்கல்களுடையது. வெனிசுவேலாவின் கனமான எண்ணெய்களைப்போல வெனேடியமும் கந்தகமும் சேர்ந்தே மிகுந்திருக்கும் இடங்களில் ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகிக்கலாம், ஆனால் அது ஊகமே. டீசலில் அந்த ஊகத்துக்கும் வழியில்லை. போர்ஃபிரின்கள் வடிகலத்தின் அடியிலேயே தங்கிவிடும்.

கேள்வி: பாராஹைட்ரஜன் (இரு அணுக்கருக்களின் சுழற்சிகளும் எதிரெதிராக உள்ள ஹைட்ரஜன்) கொண்டு சிக்னலைப் பெருக்கும் முறை இதற்கு உதவுமா?

பதில்: கவனிக்க வேண்டிய பாதை. 2009இல் யார்க் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட மீள்பரிமாற்ற முறையில், பாராஹைட்ரஜனும் தேடும் மூலக்கூறும் இரிடியம் அணைவில் சிறிது நேரம் ஒன்றாகத் தங்குகின்றன. அப்போது முனைவாக்கம் (சிக்னலைப் பெருக்கும் சுழற்சி ஒழுங்கு) மூலக்கூறுக்கு மாறுகிறது. பிரிடின் போன்ற நைட்ரஜன் வளையங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. சுத்திகரிப்பில் கடைசிவரை எஞ்சும் 4,6-டைமெத்தில்டைபென்சோதயோஃபீனில் இரு மெத்தில் தொகுதிகளும் கந்தகத்தின் இருபுறமும் காவல் நிற்பதால், அது உலோகத்தை நெருங்குவதே கடினம்; வினையூக்கியிடமிருந்து அது தப்புவதற்கும் இதுவே காரணம். எரிபொருளிலுள்ள நைட்ரஜன் சேர்மங்களும் அதே இடத்துக்குப் போட்டியிடும். தூய சேர்மத்தில் கிடைத்த பெருக்கத்தை வைத்து டீசலுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: கப்பல் எரிபொருளின் 0.50 சதவீதக் கந்தக வரம்பைச் சோதிக்கத் துறைமுகத்தில் என்எம்ஆர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடும்.